எம்மும் குன்றும் பிரிந்த இடம்: ஒரு கையறுநிலைப் பாட்டை அலகிட்ட அனுபவம்

அப்பா இறந்து 31ஆம் நாள் நடக்கும் அந்தியேட்டிச் சடங்கன்று வெளியிடவிருந்த கல்வெட்டுக்குத் திதி வெண்பா எழுதும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். யாழ்ப்பாணத்தில் இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு நூலைக் கல்வெட்டு என்று சொல்வது வழக்கம். அதில் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று விருத்தங்கள் பல இருந்தாலும், முதலில் நிற்பது திதி வெண்பாதான். பெயர், ஆண்டு, மாதம், பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா என்பது), திதி ஆகியவற்றை நான்கு அடிக்குள் அடக்கிச் சொல்வது அதன் வேலை; பின்னாளில் திவசம் எந்த நாளில் வருகிறது என்று பார்க்க வேண்டியிருந்தால், பஞ்சாங்கத்தோடு அந்த வெண்பாவையும் எடுத்து வைத்துக்கொள்வார்கள். இதை எழுதித் தருவதற்கென்றே ஊரில் ஆட்கள் இருந்தும், அப்பாவுக்கு நான் செய்யக்கூடியது இது ஒன்றாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். பள்ளியில் தேமா, புளிமா என்று சீர் வாய்பாடுகளை ஒப்பித்தது நினைவில் இருந்தது. அது போதும் என்றும் நினைத்தேன்.

இரண்டு இரவு உட்கார்ந்து எழுதியதைப் பெரியப்பாவிடம் கொண்டுபோனேன். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தம்பியைப் பறிகொடுத்த துக்கத்தை அவர் யாரிடமும் பேசிக் காட்டவில்லை. தாளை வாங்கி, மேசையில் விரலால் தட்டிக்கொண்டே மெதுவாக வாசித்தார். முதலடியிலேயே விரல் நின்றுவிட்டது. அந்த அடி இது (அபரபக்கம் என்பது தேய்பிறை):

ஆடித் திங்கள் அபரபக்கஞ் சேர்நவமி

"தளை தட்டுது, தம்பி. மா முன் நேர் வந்திட்டுது. வெண்பாவிலை மா முன் நிரைதான் வரவேணும்" என்றார்.

குறிலோ நெடிலோ தனியாகவோ ஒற்றோடோ நின்றால் நேரசை; குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ இணைந்து நின்றால் நிரையசை. நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, இவை மாச்சீர்; நேர் நிரை கூவிளம், நிரை நிரை கருவிளம், இவை விளச்சீர்; இவற்றின் ஈற்றில் இன்னொரு நேர் சேர்ந்தால் காய்ச்சீர். ஒரு சீரின் ஈறும் அடுத்த சீரின் முதலும் சேரும் முறைதான் தளை. ஆடி என்பது நேர் நேர், தேமா. அதற்கு அடுத்து வரும் திங்கள் நேரில் தொடங்குகிறது. இது வெண்பாவுக்கு உரிய வெண்டளை ஆகாது. விதி எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் அன்றைய மனநிலையில் அது சிறுமையாகப் பட்டது. அப்பா இறந்த மாதத்தைச் சொல்லும் சொல்லில் கூடவா தளை பார்ப்பது என்ற கோபத்தில், "அப்ப பாரி மகளிர் 'அற்றைத் திங்கள்' எண்டு பாடினதிலை தட்டேல்லையோ?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "அது அகவல், ஆசிரியப்பா. அங்கை அதுதான் சரியான தளை. ஐந்தடிப் பாட்டு, போய் முழுக்க அலகிட்டுக்கொண்டு வா. பிறகு வெண்பாவைப் பார்ப்பம்" என்று தாளைத் திருப்பித் தந்தார்.

அப்படித்தான் புறநானூற்றின் 112ஆம் பாட்டை அலகிட, அதாவது அசை, சீர், தளை பிரித்துப் பார்க்க, உட்கார்ந்தேன். பறம்பு மலையை ஆண்ட பாரியை மூவேந்தரும் முற்றுகையிட்டு, அவன் இறந்த பிறகு அவனுடைய மகளிர் பாடியது. திணை பொதுவியல், துறை கையறுநிலை. "கழிந்தோர் தேஎத்து அழிபடர் உறீஇ ஒழிந்தோர் புலம்பிய" நிலை என்று தொல்காப்பியம் இந்தத் துறையைச் சொல்கிறது. கழிந்தோர், ஒழிந்தோர் என்ற இரண்டு சொற்களுக்குள் போனவரையும் மிஞ்சி நிற்பவரையும் அது வைத்துவிடுகிறது. பாட்டு இதுதான்:

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்றுஎறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

முதல் முயற்சியில் மூன்று பிழைகள் செய்தேன். யாப்புப் பழகத் தொடங்குபவர் பெரும்பாலும் இதே மூன்றில்தான் விழுகிறார் என்பதைப் பின்னால் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தபோது கண்டேன். அதனால் அவற்றைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதலாவது, கண்ணை நம்பியது. என்னிடம் இருந்தது எல்லாச் சொல்லையும் பிரித்து அச்சிட்ட பதிப்பு. அதில் நான்காம் அடி "வென்று எறி முரசின் வேந்தர் எம்" என்று இருந்தது. இடைவெளியைச் சீர் எல்லை என்று எடுத்து, கடைசி இரண்டு சொல்லை மட்டும் சேர்த்து, வென்று ஒரு சீர், எறி ஒரு சீர், முரசின் ஒரு சீர், வேந்தர்எம் ஒரு சீர் என நாற்சீரடியாக எண்ணிவிட்டேன். எல்லா அடியும் நாற்சீர் என்றால் அது நிலைமண்டில ஆசிரியப்பா. அப்படியே எழுதிக்கொண்டும் போனேன். பெரியப்பா, "வென்று எறி எண்டு நிப்பாட்டி வாசிக்கிறதோ, வென்றெறி எண்டோ?" என்று மட்டும் கேட்டார். குற்றியலுகரத்தின் முன் உயிர் வந்தால் உகரம் கெட்டு அந்த உயிர் மெய்மேல் ஏறிவிடும். வென்றெறி என்பது வென் என்ற நேரும் றெறி என்ற நிரையும் சேர்ந்த ஒரே கூவிளச்சீர். ஆக அந்த அடியில் சீர் மூன்றுதான். ஈற்றயலடி முச்சீராக வந்தால் அது நேரிசை ஆசிரியப்பா. "கடையயற் பாதமுச் சீர்வரின் நேரிசை" என்று யாப்பருங்கலக் காரிகை ஒரே வரியில் முடித்துவிடுகிறது. ஒற்றை இடைவெளியால் பாட்டின் இனத்தையே மாற்றி எழுதியிருந்தேன். உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை முதன்முதலாகப் பதிப்பித்தபோது புணர்ச்சியைப் பிரிக்காமலே அச்சிட்டார். வாசிக்கக் கடினம் என்று நாம் ஒதுக்கும் அந்த அச்சு, அலகிடுவதற்கு எவ்வளவு வசதி என்பது அன்றுதான் விளங்கியது. இன்றைக்கும் பதம் பிரித்த பாடம் கையில் இருந்தால், முதலில் அதைப் புணர்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்வேன். பிறகுதான் அசை பிரிப்பேன். யாப்புக் காட்டும் கணினிச் செயலியைப் பயன்படுத்துபவரும் இதைச் செய்தாக வேண்டும். நாம் விட்ட இடைவெளியில்தான் அதுவும் சீரை முறிக்கும்.

இரண்டாவது பிழை ஐகாரத்தில் நடந்தது. எந்தையும் என்பதை எந், தை, யும் என மூன்று நேராக்கித் தேமாங்காய் என்று எழுதினேன். ஐ நெட்டெழுத்து என்பது பால பாடம். ஆனால் சொல்லின் இடையிலும் கடையிலும் அது குறுகி ஒரு மாத்திரையாகிவிடும் என்பதும் பாடத்தில் இருந்ததுதான். உரக்கச் சொல்லிப் பார்த்தால் தையும் என்பது ஒரே மூச்சில் குறிலிணை போல ஓடுகிறது. எனவே எந் நேர், தையும் நிரை, கூவிளம்.

மூன்றாவதைப் பிழை என்பதா, ஐயம் என்பதா என்று இன்றும் தெரியவில்லை. இரண்டாம் அடியை "எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார்" என்றும் வகுக்கலாம். "எந்தையு முடையேமெங் குன்றும் பிறர்கொளார்" என்றும் வகுக்கலாம். இரண்டிலும் நான்கு சீர். முதல் வகுப்பில் எம்குன்றும் தேமாங்காய். இரண்டாவதில் முடையேமெங் புளிமாங்காய். இலக்கணம் எதையும் தடுக்கவில்லை. எதை எடுப்பது என்று கேட்டதற்குப் பெரியப்பா, "மோனையைப் பார்த்தியோ?" என்றார். பார்க்கவில்லை. அசை, சீர், தளை, அடி, தொடை என்று பாடப்புத்தகம் வரிசை வைத்திருப்பதால், மோனை, எதுகை போன்ற தொடையைக் கடைசியில் பார்க்க வேண்டியது என்றே நினைத்திருந்தேன். உண்மையில் சீர் பிரிப்பதில் ஐயம் வந்த இடத்தில் தொடையைத் துணைக்கு அழைக்கலாம். வரிசையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தத் திருத்தங்களுக்குப் பிறகு கிடைத்த அலகு இது. முதலடி தேமா, தேமா, தேமா, புளிமா. இரண்டாம் அடி கூவிளம், புளிமா, தேமாங்காய், கருவிளம். மூன்றாம் அடி முதலடியைப் போலவே தேமா, தேமா, தேமா, புளிமா. நான்காம் அடி கூவிளம், புளிமா, கூவிளம். ஐந்தாம் அடி தேமா, தேமாங்காய், கூவிளம், புளிமா. மொத்தம் 19 சீர். அவற்றில் 7 தேமா, 5 புளிமா, 4 கூவிளம், 1 கருவிளம், 2 தேமாங்காய். சீருக்கும் சீருக்கும் இடையே உள்ள 18 சந்திப்புகளில் 9 நேரொன்றாசிரியத்தளை (மா முன் நேர்), 3 நிரையொன்றாசிரியத்தளை (விளம் முன் நிரை). மீதி ஆறில் நான்கு இயற்சீர் வெண்டளை (மா முன் நிரை, விளம் முன் நேர்), ஒன்று வெண்சீர் வெண்டளை (காய் முன் நேர்), ஒன்று கலித்தளை (காய் முன் நிரை). தளைகள் இப்படிக் கலந்து வருவதை ஒழுகிசை அகவல் என்பார்கள். (நிலவின் என்பதைப் பலர் நிலவில் என்று ஒப்பிப்பார்கள், அலகு மாறாது, அதனால் அந்த வழக்கில் நான் தலையிடவில்லை.)

எண்ணிக்கையை எழுதி முடித்தபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. இத்தனை தேமா இருக்கிறது என்று தெரிந்து என்ன பயன்? அலகிடுதல் இதோடு முடிந்துவிடுகிறது என்று நினைப்பவர்கள்தான் யாப்பைக் கணக்குப் பாடம் என்று வெறுக்கிறார்கள். நானும் அன்றுவரை அவர்களில் ஒருவன். பெரியப்பா அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, "இனித்தான் வேலை. எங்கை ஒரே மாதிரி வருது, எங்கை மாறுது எண்டு பார்" என்றார்.

ஒரே மாதிரி வருவது முதலடியும் மூன்றாமடியும். அலகில் எழுத்தளவும் வேறுபாடு இல்லை. அற்றை இற்றை ஆகிறது, அவ்வெண் இவ்வெண் ஆகிறது. ஆக, இரண்டு இடத்தில் அகரம் இகரமாகிறது, அவ்வளவுதான். ஒரு திங்களுக்குள் தந்தையும் மலையும் போயிருக்கின்றன. நிலவு மட்டும் அதே தேமா, தேமா, தேமா, புளிமாவில் மறுபடி வந்து நிற்கிறது. அற்றை, இற்றை என்ற எதுகை இரண்டு இரவுகளையும் சேர்த்துக் கட்டுகிறது. அதே சொற்களின் முரண் அவற்றைப் பிரித்து வைக்கிறது. எதுகையும் முரணும் ஒரே சொற்சோடியில் அமைந்திருப்பதை நான் அலகிட்ட பிறகுதான் கவனித்தேன். அதற்கு முன் அந்தப் பாட்டை நூறு முறையாவது மேற்கோள் காட்டியிருப்பேன்.

அடுத்தது மோனை. முதலடியில் அற்றை, அவ்வெண். இரண்டாமடியில் எந்தையும், எம்குன்றும். மூன்றாமடியில் இற்றை, இவ்வெண். நான்காமடியில் வென்றெறி, வேந்தரெம். நான்கு அடியிலும் முதற் சீரும் மூன்றாம் சீரும் மோனை கொள்கின்றன. இது பொழிப்பு மோனை. உடையேமெங் என்று வகுத்தால் இரண்டாமடியின் பொழிப்பு அழிந்துவிடும். அதனால்தான் எம்குன்றும் என்ற வகுப்பை எடுத்துக்கொண்டேன். ஐந்தாமடியில் மட்டும் முறை மாறுகிறது. குன்றும், கொண்டார்யாம் என்று முதலிரண்டு சீரிலேயே மோனை நெருங்கி விழுந்து, இணை மோனையாகிறது. மூன்றாம் சீரில் காது எதிர்பார்க்கும் ககரம் வரவில்லை. நான்கு அடி ஒரே இடைவெளியில் வந்த ஒலி, பறிபோனதைச் சொல்லும் இடத்தில் முந்திக்கொண்டு தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வருவது "யாம் எந்தையும் இலமே".

மூன்றாவதாக நான் கண்டது, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. இரண்டாமடியில், தந்தை இருந்த காலத்தில், எம்குன்றும் என்பது ஒரே சீர். எம் என்ற உரிமையும் குன்று என்ற பொருளும் ஒரு சீருக்குள் ஒட்டி இருக்கின்றன. இழந்த பிறகு அதே இரண்டு சொற்கள் மறுபடி வருகின்றன. ஆனால் வேந்தர்எம் என்று எம் நான்காமடியின் கடைசியில் நின்றுவிடுகிறது, குன்றும் அடுத்த அடியின் தலைக்குப் போய்விடுகிறது. நான்காமடியோ முச்சீரடி. காது இன்னொரு சீரை எதிர்பார்த்து நிற்கும் வெற்றிடம் எம் என்ற சொல்லுக்குப் பிறகுதான் வருகிறது. எம்முடையது எது என்று கேட்டால், அடி அங்கே இல்லை. வேந்தர் என்ற சொல்லோ எம் என்பதோடு ஒரே சீரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சீர் வகுப்பில் எனக்கு இருந்த ஐயம் இதைப் பாதிக்கவில்லை. உடையேமெங் குன்றும் என்று வகுத்தாலும் இரண்டாமடியில் எம்மும் குன்றும் அடுத்தடுத்துத்தான் நிற்கின்றன. இறுதியில்தான் அடி எல்லை அவற்றைப் பிரிக்கிறது.

இதைக் கண்ட அன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரவு பத்து மணிக்குப் பெரியப்பா வீட்டுக் கதவைத் தட்டி, ஈற்றயலடியைக் குறைத்தே துக்கத்தைக் காட்டியிருக்கிறார்கள் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "நேரிசை ஆசிரியம் எல்லாத்திலும் ஈற்றயலடி குறையும். கலியாணத்தைப் பாடினாலும் குறையும். இலக்கணம் விதிச்சதைப் பாடினவையின்ரை தலையிலை கட்டாதை" என்றார். எனக்கு முகம் வாடியிருக்க வேண்டும். கொஞ்சம் பொறுத்து, "ஆனால் அந்தக் குறைஞ்ச இடத்திலை எந்தச் சொல்லை வைக்கிறது எண்டது பாடினவையின்ரை கைதான்" என்றும் சொன்னார்.

இந்த வேறுபாட்டை நான் கற்றது அப்படித்தான். யாப்பு தானாகத் தருவது எது, புலவர் தேர்ந்தது எது என்று பிரித்துக்கொள்ளாமல் நயம் பேசினால், எந்தப் பாட்டிலும் எதையும் காட்டிவிடலாம். எதுகையிலும் இதே சோதனை வந்தது. நான்காமடியும் ஐந்தாமடியும் வென்று, குன்று என எதுகை கொள்கின்றன; முதலும் மூன்றும் அற்றை, இற்றை எனக் கொள்கின்றன; எந்தையும் என்று தொடங்கும் இரண்டாமடிக்கு மட்டும் துணை இல்லை. தந்தை தனித்து நிற்கிறார் என்று எழுதக் கை துறுதுறுத்தது. ஆனால் அகவலுக்கு அடிதோறும் எதுகை வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எதுகை இல்லாத அடிகள் சங்கப் பாட்டில் ஏராளம். அதனால் அதைக் குறிப்பேட்டின் ஓரத்தில் கேள்விக்குறியோடு எழுதி வைத்தேன். அந்தக் கேள்விக்குறி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஒரு பாட்டில் கண்டதைச் சரிபார்க்க அதே துறையில் இன்னொரு பாட்டு வேண்டும். பெரியப்பா தந்தது 242ஆம் பாட்டு. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடியது.

இளையோர் சூடார் வளையோர் கொய்யார்
நல்லியாழ் மருப்பின் மெல்ல வாங்கிப்
பாணன் சூடான் பாடினி அணியாள்
ஆண்மை தோன்ற ஆடவர்க் கடந்த
வல்வேற் சாத்தன் மாய்ந்த பின்றை
முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே

இதில் ஈற்றயலடி குறையவில்லை. ஆறு அடியும் நாற்சீர்; நிலைமண்டில ஆசிரியப்பா. முச்சீரடி இல்லாமலும் கையறுநிலை முழுவதும் நெஞ்சில் இறங்குகிறது. ஆகவே குறைந்த அடிதான் துக்கத்தின் அடையாளம் என்ற என் பத்து மணிக் கண்டுபிடிப்பு அங்கேயே விழுந்தது. பொழிப்புத் தொடையோ ஆறு அடியிலும் இருக்கிறது. இளையோர், வளையோர் எதுகை. நல்லியாழ், மெல்ல எதுகை. பாணன், பாடினி மோனை. ஆண்மை, ஆடவர் மோனை. வல்வேல், மாய்ந்த வகர மகர இன மோனை. முல்லையும், ஒல்லையூர் மறுபடி எதுகை. அப்படியென்றால் 112இல் நான்கு அடி பொழிப்பாக வந்தது அகவலின் இயல்பான நடை. அதை வியக்க வேண்டியதில்லை. ஐந்தாவது அடி அந்த நடையை விட்டு விலகியதே கவனிக்க வேண்டியது. ஒப்பிட்டதால் என் முடிவில் பாதி கழிந்தது, பாதி உறுதியானது.

242க்குத் தனக்கே உரிய திருப்பம் ஒன்று இருக்கிறது. ஐந்தாமடியில் வல்வேற், சாத்தன், மாய்ந்த, பின்றை, நான்கும் தேமா. இடையில் வரும் தளை மூன்றும் நேரொன்றாசிரியத்தளை. பாட்டில் நான்கு தேமா தொடர்ந்து வரும் அடி இது ஒன்றுதான். இறந்தான் என்ற செய்தி அந்த அடியில்தான் சொல்லப்படுகிறது. அதுவரை யாரும் பூச் சூடவில்லை என்பது மட்டுமே தெரியும், ஏன் என்று தெரியாது. அடுத்து முல்லையும், பூத்தியோ, ஒல்லையூர் என்று மூன்று கூவிளம் வந்து நாட்டே என்று முடிகிறது. விளம் முன் நேர், விளம் முன் நேர், விளம் முன் நேர். மூன்றும் இயற்சீர் வெண்டளை. அகவலுக்குள் கடைசி அடி முழுவதும் வெண்டளையில் ஓடுகிறது. செய்தியைச் சொன்ன அடி கால் ஊன்றி நடக்கிறது. முல்லைக் கொடியைப் பார்த்துக் கேட்கும் அடி பேச்சுக் குரலுக்கு மாறிவிடுகிறது. இதை நான் அலகிட்டுக் கண்டதாகச் சொன்னாலும், முதலில் கேட்டது காதுதான். வாய்விட்டு வாசித்தபோது "பூத்தியோ" என்ற இடத்தில் குரல் தானாக மாறியது. ஏன் மாறியது என்று பிறகு தாளில் தேடியபோது தளை கிடைத்தது. இந்த வரிசையில் போவதுதான் நல்லது. தாளில் முதலில் எண்ணிவிட்டு, எண்ணுக்கு ஏற்ற உணர்ச்சியைப் பிறகு தேடினால், இல்லாததெல்லாம் கிடைக்கும்.

அன்று முதல் நான் பின்பற்றும் முறை எளிது. பாட்டை மூன்று முறை உரக்க வாசிப்பேன், எழுதுகோல் தொடமாட்டேன். நான்காம் முறை, குரல் தடுக்கும் அல்லது மாறும் இடங்களை மட்டும் புள்ளியிட்டுக்கொள்வேன். பிறகு புணர்த்து எழுதி, அசைகளைப் பிரித்து, ஒவ்வொரு சீரின் கீழும் வாய்பாட்டையும் இரண்டு சீருக்கு நடுவில் தளையின் பெயரையும் எழுதுவேன். மோனையை ஒரு நிறத்தாலும் எதுகையை ஒரு நிறத்தாலும் வட்டமிடுவேன். வாசித்தபோது வைத்த புள்ளிகளும் தளை மாறிய இடங்களும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது கடைசி வேலை. பாதிக்கு மேல் ஒத்துப்போகாது. ஒத்துப்போன இடங்களைப் பற்றி மட்டும் எழுதுவேன். ஒரு பாட்டுக்கு இரண்டு மணி நேரம் எடுக்கும். ஐந்தடிப் பாட்டுக்கு இவ்வளவு நேரமா என்று வீட்டில் கேட்பார்கள்.

இதையெல்லாம் செய்து முடித்தபோது அந்தியேட்டிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. வெண்பா அப்படியே கிடந்தது. பெரியப்பா இந்த முறை தானே பேச்சை எடுத்தார். அகவுதல் என்றால் கூவி அழைத்தல். வெண்பாவின் ஓசை செப்பல், கேட்டவருக்கு விடை சொல்வது போல. "திதி வெண்பா அழுறதுக்கில்லை. எந்த மாசம், எந்தத் திதி எண்டு கேக்கிறவைக்கு விடை சொல்லுறது. அழுகை பின்னாலை வாற புலம்பலிலை இருக்கட்டும்" என்றார். ஒரே சொற்சேர்க்கை அகவலில் தளையாகவும் வெண்பாவில் பிழையாகவும் ஆவதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் இதுவரை கேட்டதில்லை. மாதத்தைச் சொல்ல வந்த நான் திங்கள் என்ற சொல்லைத் தேடிப் பிடித்திருந்தது, பாரி மகளிரின் குரலை என் வெண்பாவுக்குள் கொண்டுவரும் ஆசையால்தான் என்பதும் அப்போது விளங்கியது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன்.

ஆடி மதியில் அபரபக்கஞ் சேர்நவமி

ஆடி தேமா, மதியில் புளிமா. மா முன் நிரை. மதியில் மாச்சீர், அபரபக்கஞ் நிரையில் தொடங்குகிறது, அதுவும் சரி. அபரபக்கஞ் கருவிளங்காய், அடுத்து சேர்நவமி நேரில் தொடங்குகிறது. காய் முன் நேர், வெண்சீர் வெண்டளை. ஆடி, அபரபக்கம் பொழிப்பு மோனை. பெரியப்பா விரலால் தட்டினார். இந்த முறை விரல் நிற்கவில்லை. ஈற்றடியின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றாக அமைய வேண்டும். நான் பிறப்பு வாய்பாட்டில் ஒரு சொல்லை வைத்திருந்தேன். அவர் அதை அடித்துவிட்டு நாள் வாய்பாட்டில், நாள் என்ற சொல்லையே போட்டார். காரணம் கேட்டதற்கு, செத்தவீட்டு வெண்பா பிறப்பில் முடிந்தாலும் இலக்கணம் ஒன்றும் சொல்லாது, தனக்குத்தான் பிடிக்கவில்லை என்றார். இறந்த செய்தி வந்த நாளிலிருந்து அவர் முகத்தில் சிரிப்பு என்று சொல்லத்தக்க ஒன்றை நான் கண்டது அப்போதுதான்.

அச்சகத்திலிருந்து பார்வைப்படி வந்தபோது, இரண்டாமடியின் கடைசியில் சிறு கோட்டுக்குப் பின் நிற்க வேண்டிய தனிச்சொல், பக்க அகலம் போதாமல் மூன்றாமடியின் தலைக்கு இறங்கியிருந்தது. இரண்டாமடி முச்சீராகவும் மூன்றாமடி ஐஞ்சீராகவும் நின்றன. தொலைபேசியில் சொன்னபோது, எழுத்து ஒன்றும் விடுபடவில்லையே, ஒரு சொல் கீழே போனால் என்ன என்று அங்கே இருந்தவர் கேட்டார். நான் விளக்கம் சொல்லவில்லை. இரண்டு அடியையும் அச்சில் இருந்தபடி ஒரு முறையும், இருக்க வேண்டியபடி ஒரு முறையும் வாசித்துக் காட்டினேன். "சரி, எழுத்தைச் சின்னனாக்கி மேலை ஏத்திவிடுறன்" என்றார்.